ஆறாத கால் புண்ணுக்கு அழுத்த அறையா? உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன்

பெரியப்பாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலின் அடியில் இருந்த புண் மூன்றாவது மாதத்தைக் கடந்தபோது, ஒரே வாரத்தில் மூன்று ஆலோசனைகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சர்க்கரை நோய்க்கு அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், காலில் ரத்த ஓட்டத்தை முதலில் சோதித்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம் என்றார். ஒரு தனியார் மையம், கண்ணாடிக் குழாய் போன்ற அழுத்த அறையில் நாற்பது நாட்கள் தினமும் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தால் விரலைக் காப்பாற்றிவிடலாம் என்றது. உறவினர் ஒருவர், வீட்டிலேயே விரித்து வைத்துக்கொள்ளக்கூடிய, காற்றடைத்த பை போன்ற கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று சொல்லி அதன் விலைப்பட்டியலை அனுப்பிவைத்தார். பின்னிரண்டு ஆலோசனைகளும் ‘ஆக்சிஜன் சிகிச்சை’ என்ற ஒரே பெயரில் வந்ததால், வீட்டில் பலருக்கும் அவை ஒரே மருந்தின் இரண்டு விலைகள் போலத் தோன்றின. அவை ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வாரங்கள் ஆயின. அதே இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு அந்த இரண்டு வாரங்களாவது மிஞ்சட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒப்பிடத் தொடங்கும் முன், அழுத்தம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பிந்திய முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தை 1 வளிமண்டலம் என்று கொள்வோம்; கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அதனுடன் இன்னொரு வளிமண்டலம் சேரும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தச் சிவப்பணுக்கள் சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ முழுமையாக ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடுகின்றன. அவற்றில் மேலும் ஏற்ற இடமில்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி, சிவப்பணுக்கள் மிதக்கும் நீர்மத்தில் ஆக்சிஜனைக் கரைப்பது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது சுமார் 0.3 மில்லி லிட்டர்தான். அதே அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 2 மில்லி லிட்டர் வரை வரும்; 3 வளிமண்டல அழுத்தத்தில் 6 மில்லி லிட்டரை எட்டும். ஓய்வில் இருக்கும் உடம்பு ஒவ்வொரு 100 மில்லி லிட்டர் ரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும் அளவும் ஏறத்தாழ அதுவேதான். ஆம்ஸ்டர்டாமில் இதய அறுவை மருத்துவராக இருந்த ஈட்டே பூரெமா 1960இல் வெளியிட்ட ஆய்வில், பன்றிகளின் ரத்தத்தை ஏறத்தாழ முழுமையாக வடித்துவிட்டு, சிவப்பணு இல்லாத நீர்மத்தை நிரப்பி, 3 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து அவற்றை உயிரோடு வைத்திருந்து காட்டினார். சிகிச்சையின் அடிப்படை அந்தச் சோதனையில் முழுமையாக இருக்கிறது: ஆக்சிஜன் சுத்தமாகவும் இருக்க வேண்டும், அழுத்தமும் போதுமான அளவு ஏற வேண்டும்.

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே உறவினர் அனுப்பிய கூடாரத்தை நாங்கள் முதலில் ஒதுக்கினோம். மென்மையான துணியாலோ பிளாஸ்டிக்காலோ ஆன இத்தகைய கூடாரங்கள் பெரும்பாலும் 1.3 வளிமண்டலம் வரைதான் தாங்கும். அதற்குள் அடைக்கப்படுவது சாதாரணக் காற்று என்றால், அதில் உள்ள 21 சதவீத ஆக்சிஜனை 1.3ஆல் பெருக்கிப் பார்க்கலாம், விடை 27. அதாவது, உள்ளே படுத்திருப்பவருக்குக் கிடைப்பது, வெளியே உட்கார்ந்து 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். எந்த வார்டிலும் இருக்கும் சாதாரண முகமூடி அதைவிட அதிகமாகவே கொடுத்துவிடும். உள்ளே ஆக்சிஜன் கருவியையும் இணைத்துத் தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், முழுக்கச் சுத்தமான ஆக்சிஜனாக இருந்தாலும், அது 1.3ஐத் தாண்ட முடியாது. கால் புண்ணில் நடந்த ஆய்வுகளோ 2 முதல் 2.5 வளிமண்டலம் வரையிலான அழுத்தத்தில் நடந்தவை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய பைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது மலை உச்சிகளில் ஏறுவோருக்கு வரும் உயர நோய்க்காக. அங்கே காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதே நோய் என்பதால், அந்தப் பை அதைச் சரிசெய்கிறது. சமவெளியில் ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு அது ஒரு தேர்வே அல்ல.

ஆகவே உண்மையான ஒப்பீடு மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: நன்றாகச் செய்யப்படும் வழக்கமான புண் பராமரிப்பு மட்டும் போதுமா, அதனுடன் கடினச் சுவர் கொண்ட அழுத்த அறையையும் சேர்க்க வேண்டுமா? அழுத்த அறை வழக்கமான பராமரிப்புக்கு மாற்றாக வருவதில்லை, அதன் மேல் கூட்டப்படுவது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்த மையம் கொடுத்த விளக்கத்தாளில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

வழக்கமான பராமரிப்பு என்பதை நாங்கள் தினமும் கட்டு மாற்றுவது என்றே நினைத்திருந்தோம். அது மிகச் சிறிய பகுதி. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் வரும் புண் பெரும்பாலும் உணர்ச்சி போன இடத்தில், நடக்கும்போது எடை முழுவதும் விழும் எலும்பின் அடியில் வருகிறது. வலி தெரியாததால் நோயாளி அதன் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு அடியிலும் புண் மீண்டும் நசுங்குகிறது. எனவே முதல் மருந்து, அந்த இடத்திலிருந்து எடையை எடுப்பது. முழங்கால் வரை போடப்படும், நோயாளி தானாகக் கழற்ற முடியாத மாவுக்கட்டையோ அதற்கு ஈடான காலணியையோதான், உணர்ச்சியிழந்த உள்ளங்கால் புண்ணுக்குச் சர்வதேச வழிகாட்டுதல்கள் முதல் தேர்வாகச் சொல்கின்றன. ரத்த ஓட்டம் மிகவும் குறைந்த காலிலும் கடுமையான தொற்று உள்ள காலிலும் அதைப் போட முடியாது என்பதால், ரத்த ஓட்டச் சோதனை அதற்கும் முன்னால் வர வேண்டும். கணுக்காலிலும் விரலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் செய்து, அடைப்பு இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டியாலோ பைபாஸாலோ ரத்தக்குழாயைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது, செத்த சதையைச் சீவி எடுத்து, எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய மருந்தைக் கொடுப்பது. இவை யாவும் நடந்த பிறகு நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைந்தால், அது அடுத்த சில மாதங்களில் மூடிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். குறையாவிட்டால், வேறு ஏதோ தடுக்கிறது என்று பொருள். அழுத்த அறையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அதுதான். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது: ஆழமான சீழோ எலும்புத் தொற்றோ உள்ள கடுமையான புண்ணாக இருக்க வேண்டும், முறையான பராமரிப்பில் 30 நாட்கள் கழிந்தும் ஆறும் அறிகுறி தெரியாமலிருக்க வேண்டும், அதன் பிறகே அழுத்த அறைக்குப் பணம் தரும்.

அழுத்த அறையைச் சேர்த்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கு மூன்று ஆய்வுகளை நான் அடுத்தடுத்துப் படித்தேன். அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றியதால் முதலில் மிகவும் குழம்பினேன். ஸ்வீடனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 94 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் 2.5 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜனையும், மற்றப் பிரிவினர் அதே அறையில் அதே அழுத்தத்தில் வெறும் காற்றையும் 40 அமர்வுகள் வரை சுவாசித்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, புண்ணை அளந்தவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும், காற்றுப் பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கும் புண் முழுமையாக ஆறியிருந்தது. இது பெரிய வேறுபாடு. கனடாவில் 103 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வும் இதேபோல் மறைத்து நடத்தப்பட்டதுதான். ஆனால் 30 அமர்வுகளுக்குப் பின் 12ஆவது வாரத்தில், காலை எடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாக, நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, இருந்தார்கள். ஆறியவர்களும் இரு பிரிவிலும் ஐந்தில் ஒருவரே. நெதர்லாந்தில் ரத்த ஓட்டம் குறைந்த கால்களைக் கொண்ட 120 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அழுத்த அறைக்கு ஒதுக்கப்பட்ட 60 பேரில் 53 பேருக்குக் கால் காப்பாற்றப்பட்டது. வழக்கமான பராமரிப்பில் இருந்த 60 பேரில் 47 பேருக்கு. எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற ஐயத்தை நீக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு உறுதியாக அமையவில்லை.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் போட்டு ‘பலன் இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ தீர்ப்புச் சொல்வதைவிட, யாரை எடுத்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. ஸ்வீடன் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்தவர்கள் அல்லது குழாயை இனித் திறக்கவே முடியாது என்று அறுவை மருத்துவர்கள் கைவிட்டவர்கள். அதாவது, திறக்கக்கூடிய குழாயைத் திறக்காமல் யாரும் அறைக்குள் அனுப்பப்படவில்லை. அத்துடன் அது ஓராண்டு முழுவதும் காத்திருந்து அளந்தது. கனடா ஆய்வு 12 வாரங்களில் அளந்தது. புண் ஆறுவது மெதுவான வேலை என்பதால் இந்த வேறுபாட்டை நான் சிறிதாக நினைக்கவில்லை. நெதர்லாந்து ஆய்விலிருந்து எனக்குக் கிடைத்த செய்தி வேறு: அங்கே அழுத்த அறைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 65 சதவீதத்தினரே சிகிச்சையை முடித்தார்கள். சாலையும் வண்டியும் மருத்துவக் காப்பீடும் நல்ல நிலையில் உள்ள அந்த நாட்டிலேயே மூன்றில் ஒருவர் பாதியில் நிறுத்துகிறார் என்றால், கால் ஊன்றக் கூடாத முதியவரை வாரத்தில் ஐந்து நாட்கள், எட்டு வாரங்கள், ஊரிலிருந்து நகரத்துக்குப் பேருந்திலோ வாடகைக் காரிலோ கூட்டிச் செல்லும் குடும்பம் தன் சக்தியை நேர்மையாக எடைபோட்டுக்கொள்ள வேண்டும். இருபதாவது நாளில் நிறுத்தப்படும் சிகிச்சைக்குச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

யாருக்குப் பயன்படும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அதை எந்த மையத்திலும் கேட்டுப் பெற வேண்டும். புண்ணுக்கு அருகே தோலில் ஓர் உணர்கருவியை ஒட்டி, அங்கே திசுவுக்கு எட்டும் ஆக்சிஜனின் அழுத்தத்தை அளக்கிறார்கள். சாதாரணக் காற்றில் அது 40 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் அந்த இடம் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது என்று பொருள். அறைக்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுக்கும்போது அதே இடத்தில் அளவு 200ஐத் தாண்டினால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தாண்டாவிட்டால், ஆக்சிஜன் அங்கே போய்ச் சேரவே இல்லை. ரத்தமே ஓடாத காலுக்கு, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜனைக் கரைத்தாலும் பயனில்லை. மறுபுறம், முதல் அளவே நன்றாக இருந்தால், அங்கே குறை ஆக்சிஜனில் இல்லை; எடை தாங்குவதிலோ தொற்றிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாற்பது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கும் இடத்துக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சையின் தீமைகள் பெரும்பாலும் சிறியவை, ஆனால் உண்மையானவை. அழுத்தம் ஏறும்போது காது அடைப்பதும் வலிப்பதும் மிகவும் பொதுவானது. விமானம் இறங்கும்போது செய்வதுபோல் எச்சில் விழுங்கியோ மூக்கைப் பிடித்து ஊதியோ சமன்செய்யத் தெரியாதவருக்குச் செவிப்பறை காயப்படலாம். பல வாரங்கள் தொடரும்போது கிட்டப்பார்வை கூடும். முடித்தபின் பெரும்பாலோருக்கு அது பழைய நிலைக்குத் திரும்பும், ஆகவே இடையில் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். அறைக்குள் சர்க்கரை அளவு இறங்குவது உண்டு என்பதால், ஒவ்வொரு நாளும் உள்ளே போகுமுன் அளந்து பார்த்து, குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்த பிறகே அனுப்புவார்கள். வெறும் வயிற்றோடு கிளம்பி வருவது தவறு. அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இலேயே எழுதிவைத்தார். சிகிச்சை அழுத்தத்தில் அது அரிது. அதை இன்னும் அரிதாக்கவே இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து தேங்கியிருக்கும் நோயாளியை, அதற்குச் சிகிச்சை செய்யாமல் உள்ளே அனுப்பவே கூடாது. அழுத்தம் இறங்கும்போது அந்தக் காற்று விரிந்து உயிரை எடுத்துவிடும். இதய வலுக்குறைவு உள்ளவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறை என்று முடிவு செய்தபின், எந்த அறை என்ற கேள்வி வருகிறது. ஒருவர் மட்டும் படுக்கும் குழாய் அறை முழுக்கச் சுத்தமான ஆக்சிஜனாலேயே அழுத்தம் ஏற்றப்படுவது வழக்கம். முகமூடி தேவையில்லை, கசிவால் அளவு குறையாது, விலை குறைவு என்பதால் பல ஊர்களில் கிடைப்பதும் இதுதான். பலர் உட்காரும் பெரிய அறையில் அழுத்தம் ஏற்றப்படுவது சாதாரணக் காற்றால். ஆக்சிஜன் ஒவ்வொருவருக்கும் முகமூடி வழியாகவோ தலையுறை வழியாகவோ போகிறது, செவிலியர் ஒருவரும் உள்ளேயே இருக்கிறார். நோயாளி திடீரென்று மயங்கினால் பெரிய அறையில் ஒரு கை உடனே எட்டும். குழாய் அறையில் அழுத்தத்தை இறக்கிக் கதவைத் திறக்கும் வரை யாரும் தொட முடியாது. சர்க்கரை இறங்கும் வாய்ப்புள்ள முதியவருக்கும், மூடிய இடத்தில் பயப்படுபவருக்கும் பெரிய அறையையே நான் பரிந்துரைப்பேன்; நடந்து வந்து போகும், நிலையான உடல்நிலை உள்ளவருக்கு இரண்டும் சமம்.

இரண்டிலும் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது: நெருப்பு. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் ஒரு பொறி போதும். 1997 அக்டோபரில் மிலான் நகரில் பலர் அமரும் அறையில் பிடித்த தீயில் 11 பேர் இறந்தார்கள். நோயாளி ஒருவர் கையைச் சூடாக்கிக்கொள்ளும் சிறு கருவியை உள்ளே எடுத்துச் சென்றதிலிருந்து அது தொடங்கியதாகக் கருதப்படுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் படுக்கும் அறையில் 5 வயதுச் சிறுவன் தீயில் இறந்தான். எனவே, நோயாளியின் உடையை மாற்றச் சொல்லிப் பருத்தி அங்கி கொடுக்கிறார்களா, கைபேசி, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைக்கிறார்களா, குழாய் அறையில் நிலை மின்சாரத்தை இறக்கும் கம்பியை மணிக்கட்டில் கட்டுகிறார்களா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவாமல் யாரும் வெளியே கிளம்புவதில்லை; இந்த நாற்பது நாட்களும் தலையிலோ உடம்பிலோ எண்ணெய், தைலம், களிம்பு எதுவும் இருக்கக் கூடாது. நைலான் புடவையோடு, எண்ணெய் வைத்த தலையோடு ஒருவரை அப்படியே உள்ளே அனுப்பும் இடம் இருந்தால், அன்றே வெளியே வந்துவிடுங்கள்.

கால் புண்ணைத் தவிர நம் ஊரில் அடிக்கடி இந்த முடிவு எடுக்க நேர்வது, வாய்ப்புற்றுக்கு ‘கரண்டு வைத்த’ பிறகு. கதிர்வீச்சு பட்ட தாடையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல அழிந்துபோவதால், பல ஆண்டுகள் கழித்து ஒரு பல்லைப் பிடுங்கினாலும் எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு. 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பல் பிடுங்குமுன் பென்சிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்பு செத்தது. அழுத்த அறைக்குப் போன 37 பேரில் 2 பேருக்கு மட்டுமே. இந்த ஒரே ஆய்வின் பலத்தில் பல பத்தாண்டுகள், பல் பிடுங்கும் முன் அறைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2019இல் வெளியான, 144 பேரைச் சேர்த்த பிந்திய ஆய்வில், அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும் போகாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும் எலும்பு செத்தது. அதாவது வேறுபாடே இல்லை, அபாயமும் முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு. பல் பிடுங்குவதற்காக மட்டும் முப்பது அமர்வுகள் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி அவரிடம் கேட்கலாம். அதே 2019இல், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றுச் சிறுநீர்ப்பை புண்ணாகிப்போனவர்களிடம் வட ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில், அழுத்த அறை தெளிவான நிவாரணத்தைக் கொடுத்தது. கதிர்வீச்சின் சேதம் என்ற ஒரே தலைப்பின் கீழ் ஓர் உறுப்புக்கு ஆம், இன்னோர் உறுப்புக்கு இல்லை என்று பதில் மாறுகிறது.

அவசர நிலைகள் வேறு வகை. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரியடுப்போ எரிந்து கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு, சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். 3 வளிமண்டலத்தில் சுமார் 23 நிமிடம். இங்கே தேர்வு எளிது: முகமூடி ஆக்சிஜன் அந்த நிமிடமே தொடங்க வேண்டும், அறை எட்டும் தூரத்தில் இருந்தால் மருத்துவர் அனுப்புவார், அதற்காக முகமூடியைத் தாமதிக்கக் கூடாது. காற்றுக் குழாயோடு கடலில் மூழ்கிச் சங்கோ கடல் அட்டையோ எடுப்பவர், மேலே வந்தபின் மூட்டு வலி, கால் மரத்தல், தலைசுற்றல் என்று சொன்னால், அது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் உண்டாகும் நோய். அதற்கு அழுத்த அறைக்கு ஈடான மாற்று இல்லை. 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டலத்தில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளும் அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையே உலகெங்கும் பயன்படுகிறது. வலி தீர மீண்டும் கடலில் இறங்குவது சில கரைகளில் பழக்கமாக இருக்கிறது. அது பலரை நிரந்தரமாக முடமாக்கியிருக்கிறது.

அந்த 2.8 என்ற எண்ணைப் பார்த்து, மூழ்குபவர் சுத்தமான ஆக்சிஜனையே சுமந்துகொண்டு இறங்கலாமே என்று தோன்றலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் நடத்திய நூற்றுக்கணக்கான சோதனைகள், உலர்ந்த அறையில் ஓய்வாக இருப்பவர் தாங்கும் ஆக்சிஜனைத் தண்ணீருக்குள் உழைப்பவர் தாங்க மாட்டார் என்பதைக் காட்டின. அறைக்குள் வலிப்பு வந்தால் முகமூடியை எடுத்துவிடலாம், தண்ணீருக்குள் வலிப்பு என்றால் மூழ்கிச் சாவதுதான். அதனால் சுத்தமான ஆக்சிஜனின் எல்லை 6 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். 32 சதவீத ஆக்சிஜன் கலந்த, நைட்ராக்ஸ் என்ற வாயுக் கலவை 33 மீட்டர் வரை. அது நைட்ரஜனைக் குறைத்து, அடியில் தங்கும் நேரத்தைக் கூட்டுகிறது, இறங்கக்கூடிய ஆழத்தைக் குறைக்கிறது. இன்னும் ஆழத்தில் நாட்கணக்கில் தங்கி வேலை செய்பவர்களுக்கு 300 மீட்டரில் கொடுக்கப்படும் வாயுவில் ஆக்சிஜன் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருக்கும், மிச்சம் பெரும்பாலும் ஹீலியம். 31 மடங்கு அழுத்தத்தில் அந்த ஒரு சதவீதமே போதும். இறங்கப் போகிற இடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆக்சிஜனைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கடைசியாக, இன்னும் நிரூபணமாகாத பயன்பாடுகள். பெருமூளை வாதம், ஆட்டிசம், முதுமை, நினைவாற்றல் என்று பட்டியல் நீள்கிறது. கனடாவின் கியூபெக்கில் பெருமூளை வாதம் உள்ள 111 குழந்தைகளிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், 1.75 வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளும், ஒப்பீட்டுக்காக 1.3 வளிமண்டலத்தில் வெறும் காற்றுப் பெற்ற குழந்தைகளும் ஒரே அளவில் முன்னேறினார்கள். குழந்தையோடு தினமும் ஒரு மணி நேரம், முழுக் கவனத்தோடு, நம்பிக்கையோடு செலவிட்டதே அந்த முன்னேற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதை அறை இல்லாமலும் கொடுக்க முடியும். 2020இல் இஸ்ரேலிலிருந்து வந்த, முதியவர்களின் குரோமோசோம் முனைகள் நீண்டன என்று பேசப்பட்ட ஆய்வில் 35 பேர் இருந்தார்கள், ஒப்பிட வேறு பிரிவே இல்லை. ஆட்டிசம் போன்றவற்றுக்கு இந்தச் சிகிச்சை நிரூபிக்கப்படவில்லை என்று 2013இலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெற்றோரை எச்சரித்தது. 1928இல் கிளீவ்லாந்து நகரில் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் பல மாடி உயர எஃகு உருண்டையைக் கட்டி, அழுத்தக் காற்றால் சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் தீர்ப்பதாகச் சொன்னார்; ஆதாரம் கேட்ட மருத்துவச் சங்கத்துக்கு அவரால் எதையும் காட்ட முடியவில்லை, 1942இல் அந்த உருண்டை போர்த் தேவைக்காக உடைக்கப்பட்டு இரும்பாகப் போனது. சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் நகையை அடகு வைத்து இந்த அறைகளுக்குப் போவதைக் கேள்விப்படும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒப்பீட்டுப் பிரிவோடு, கட்டணம் வாங்காமல் நடத்தப்படும் முறையான ஆய்வு என்றால் சேரலாம். கட்டணச் சீட்டோடு வரும் ‘புதிய ஆய்வு’ என்றால் வேண்டாம்.

பெரியப்பாவுக்கு டாப்ளரில் முழங்காலுக்குக் கீழே இரண்டு குழாய்களில் அடைப்பு தெரிந்தது. அதில் ஒன்றை ஆஞ்சியோபிளாஸ்டியில் திறந்தார்கள், தொற்று அடங்கியதும் எடை விழாதபடி மாவுக்கட்டுப் போட்டார்கள். நான்காவது வாரத்தில் புண் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. தோலில் அளந்தபோது காற்றில் 31, அறைக்குள் 240. அதன் பிறகே பெரிய அறை உள்ள ஒரு மருத்துவமனையில் முப்பது அமர்வுகளுக்கு ஒப்புக்கொண்டோம். என் தம்பி தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு தினமும் கூட்டிப்போனான். புண் மூடியது, சிகிச்சை தொடங்கிய ஐந்தாவது மாதத்தில். திறந்த குழாயா, மாவுக்கட்டா, அறையா, எது எவ்வளவு ஆற்றியது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. குழாயைத் திறக்காமல் அந்த 240 வந்திருக்காது என்று மட்டும் மருத்துவர் சொன்னார்.